இரத்தக் கொழுப்பு ஏறியவர்கள் பழம் சாப்பிடும் முறை: ரிப்போர்ட்டில் தொடங்கி தட்டு வரை

லிப்பிட் ப்ரொஃபைல் என்ற இரத்தக் கொழுப்புப் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால், அன்று மாலையே வீட்டில் பழக்கூடை நிரம்பிவிடும். ஆப்பிள் கொழுப்பைக் கரைக்கும், மாதுளை இரத்தத்தைச் சுத்தம் செய்யும், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் ஜூஸ் போதும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்தால் எண் அசையாமல் நிற்கும். சிலருக்கு டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பு முன்பைவிட ஏறியும் இருக்கும். பழத்தின் மேல் தப்பில்லை. ஏறியிருப்பது எந்தக் கொழுப்பு என்று பார்க்காமல், ஏற்கெனவே சாப்பிடுவதோடு பழத்தையும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டதில்தான் கணக்கு தவறிப்போகிறது.

பழம் இரண்டு வழியில் உதவும். அதிலுள்ள, தண்ணீரில் கரையும் நார்ச்சத்து, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல்.லைக் கொஞ்சம் இறக்கும். பிஸ்கட், கேக், எண்ணெயில் பொரித்த தின்பண்டம் ஆகியவற்றின் இடத்தில் பழம் வந்து உட்கார்ந்தால், அவை கொண்டுவந்த நிறைவுற்ற கொழுப்பும் (வெண்ணெய், நெய்யில் அதிகம் இருக்கும் வகை) சர்க்கரையும் நின்றுபோகும். இந்த இரண்டாவது வழியில் கிடைக்கும் பலன்தான் பெரும்பாலும் பெரியது. கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் சுற்றியே வருகின்றன.

முதல் படி: ரிப்போர்ட்டில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல்., டிரைகிளிசரைடு. அளவு மி.கி./டெசி லிட்டரில் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருப்பது நல்லது. 240-ஐத் தொட்டால் அதிகம். எல்.டி.எல். 100-க்குள் இருந்தால் நலம். 130 முதல் 159 வரை எல்லைக்கோடு. 160-க்கு மேல் அதிகம். 190-க்கு மேல் மிக அதிகம். ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இலக்கு இதைவிடக் கீழே இருக்கும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறைந்தால் குறைவு. டிரைகிளிசரைடு 150-க்குள் இயல்பு. 200 முதல் 499 வரை அதிகம். 500-ஐத் தாண்டினால் மிக அதிகம்.

இரண்டு ரிப்போர்ட்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் மொத்தம் 248, எச்.டி.எல். 52, டிரைகிளிசரைடு 110, எல்.டி.எல். 174. இரண்டாவதில் மொத்தம் 232, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 260, எல்.டி.எல். 142. இரண்டு பேரும் "எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதல் ஆளுக்கு ஏறியிருப்பது எல்.டி.எல்.; அவருக்குக் கரையும் நார்ச்சத்து வேண்டும், நிறைவுற்ற கொழுப்பு குறைய வேண்டும். இரண்டாம் ஆளின் முதல் சிக்கல் டிரைகிளிசரைடு. கல்லீரல் தன்னிடம் வந்து குவியும் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் அனுப்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். முதல் ஆள் நாளுக்கு மூன்று பங்கு பழம் தாராளமாகச் சாப்பிடலாம் (ஒரு பங்கு எவ்வளவு என்பது நான்காம் படியில் வருகிறது). இரண்டாம் ஆள் அதே கூடையிலிருந்து எடுத்தாலும், எதை எடுக்கிறார், எவ்வளவு எடுக்கிறார் என்பதில் கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஆய்வகங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் வெளியிட்ட சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். மேலே உள்ள இரண்டாவது ரிப்போர்ட்டில் 232-லிருந்து 38-ஐயும் 52-ஐயும் கழித்தால் 142 வரும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல. அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளந்து தரக் கேளுங்கள்.

எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால், அல்லது டிரைகிளிசரைடு 500-க்கு மேல் இருந்தால், பழத்தை வைத்து மூன்று மாதம் பார்க்கலாம் என்று உட்கார வேண்டாம். முதலாவது பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் கோளாறாக இருக்கலாம்; அதற்குச் சாப்பாடு மட்டும் போதாது. இரண்டாவதில், அளவு ஏற ஏறக் கணைய அழற்சி வரும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து கீழே உள்ளவற்றைத் தொடருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், அந்தப் பரிசோதனையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: பழம் எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு செய்யும்

கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துத்தான் பித்த அமிலம் தயாரிக்கிறது. அது குடலில் இறங்கி, கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 95 சதவீதம் அளவுக்குத் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போய்விடும். பழத்திலுள்ள பெக்டின் தண்ணீரில் ஊறிக் கூழாகும் நார்ச்சத்து. அது குடலில் இந்தப் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றும். குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் தேவை என்பதால், எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைத் தன் செல்களின் மேல் கூட்டிக்கொண்டு, இரத்தத்திலிருந்து எடுக்கிறது. அந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்து விளக்கியதற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழம் கொழுப்பைக் "கரைப்பது" என்று பேச்சில் சொல்வது உண்மையில் இந்தச் சுற்றுவழிதான். இரத்தக் குழாயில் படிந்ததைப் போய்க் கழுவும் வேலை எதையும் பழம் செய்வதில்லை.

எவ்வளவு இறங்கும்? கரையும் நார்ச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் எல்.டி.எல். ஏறத்தாழ 2 மி.கி. குறையும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆப்பிளிலோ ஆரஞ்சிலோ கரையும் நார்ச்சத்து ஒன்று முதல் இரண்டு கிராம். மூன்று பங்கு பழம் சாப்பிட்டால் மூன்று முதல் ஆறு கிராம். அதாவது 160 இருக்கும் எல்.டி.எல். பழத்தின் நார்ச்சத்தால் மட்டும் 150 பக்கம் வரலாம். சின்ன எண்தான். ஆனால் ஓட்ஸ், பார்லி, பயறு வகைகளும் சேர்ந்தால் கரையும் நார்ச்சத்து 10 கிராமைத் தொடும். தட்டிலிருந்து நிறைவுற்ற கொழுப்பும் வெளியேறினால் இறக்கம் கண்ணில் படும் அளவுக்கு வரும். பழம் ஒன்றே 60 புள்ளி இறக்கிவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களுக்காகவே இந்தக் கணக்கை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: எதை எடுத்துவிட்டுப் பழம் வைப்பது என்று முடிவு செய்யுங்கள்

பழம் வாங்குவதற்கு முன் மூன்று நாள், சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே வாயில் போட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். டீயோடு தின்ற பிஸ்கட், இரவு டி.வி. முன்னால் கொறித்தது, சாப்பாடு முடிந்து ஒரு துண்டு இனிப்பு என எதுவும் விட்டுப்போகக் கூடாது. அதில் தினமும் வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்துக்கு, அந்த இடத்துக்குப் பழம் போகட்டும்.

பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தைத் திருப்பி, நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியைப் பாருங்கள். எல்.டி.எல்.லை இறக்க வேண்டியவர்கள் மொத்தக் கலோரியில் 6 சதவீதத்துக்குள் நிறைவுற்ற கொழுப்பை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 13 கிராம். பொட்டலத்தில் 100 கிராமுக்கு 12 கிராம் என்று போட்டிருந்து, நீங்கள் மாலையில் 50 கிராம் தின்றால், அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட பாதி அந்த ஒரு டீயிலேயே முடிந்துவிட்டது. அந்த இடத்தில் ஓர் ஆப்பிள் வந்தால் ஆறு கிராம் நிறைவுற்ற கொழுப்பு போய், நான்கு கிராம் நார்ச்சத்து வருகிறது.

சாப்பாட்டோடு சேர்த்துப் பழம் சாப்பிடுவதானால் அதே வேளையில் சோறு, ரொட்டி போன்ற மாவுச்சத்தில் ஒரு கை குறையுங்கள். வெறும் வயிற்றில் மட்டும்தான் பழம் சாப்பிட வேண்டும், சாப்பிட்டபின் சாப்பிட்டால் வயிற்றில் புளித்துப்போகும் என்று சொல்வதில் உண்மை இல்லை. உங்களுக்குத் தவறாமல் முடிகிற நேரமே சரியான நேரம்.

நான்காம் படி: பழத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரமாவது எடை போடுங்கள்

சமையல் தராசு ஒன்று இருந்தால் போதும். காலம் முழுக்க எடை போட வேண்டியதில்லை. ஒரு வாரம் போட்டால் கண்ணுக்கு அளவு பிடிபட்டுவிடும். கொட்டை, உண்ணாத தோல், காம்பு எல்லாம் நீக்கிய எடையைத்தான் எடுக்க வேண்டும். ஒரு பங்கு என்பது இவ்வளவு:

கொய்யா 100 கிராம்: நார்ச்சத்து 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல், சர்க்கரை 9 கிராம்.
பேரிக்காய், தோலோடு நடுத்தர அளவில் ஒன்று, 180 கிராம்: நார்ச்சத்து 5.5, சர்க்கரை 17.
ஆப்பிள், தோலோடு நடுத்தர அளவில் ஒன்று, 180 கிராம்: நார்ச்சத்து 4.4, சர்க்கரை 19.
கிவி இரண்டு, 140 கிராம்: நார்ச்சத்து 4, சர்க்கரை 12.
மாதுளை முத்து 90 கிராம்: நார்ச்சத்து 3.5, சர்க்கரை 12.
ஆரஞ்சு ஒன்று, 130 கிராம்: நார்ச்சத்து 3, சர்க்கரை 12.
ஸ்ட்ராபெரி 150 கிராம்: நார்ச்சத்து 3, சர்க்கரை 7.
வாழைப்பழம், உரித்தது 120 கிராம்: நார்ச்சத்து 3, சர்க்கரை 14, அதோடு மாவுச்சத்தும் உண்டு.
பப்பாளி 150 கிராம்: நார்ச்சத்து 2.5, சர்க்கரை 12.
மாம்பழம் 100 கிராம்: நார்ச்சத்து 1.6, சர்க்கரை 14.
திராட்சை 100 கிராம்: நார்ச்சத்து ஒரு கிராமுக்கும் கீழே, சர்க்கரை 15-க்கு மேல்.
தர்பூசணி 150 கிராம்: நார்ச்சத்து அரை கிராம், சர்க்கரை 9.

இரகத்துக்கும் பழுத்த நிலைக்கும் ஏற்ப எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும். முதல் ஏழு வரிகளிலிருந்து தினம் ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால், மீதியை உங்கள் விருப்பத்துக்கு விடலாம். மாம்பழத்தையும் திராட்சையையும் விலக்கி வைக்கச் சொல்லவில்லை. அவை இந்த வேலைக்குப் பெரிதாக உதவாது, அளவு தவறுவதும் எளிது, அவ்வளவுதான். திராட்சைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் 300 கிராம் போவதே தெரியாது.

எல்.டி.எல். மட்டும் ஏறியவர்கள் நாளுக்கு மூன்று பங்கு வைத்துக்கொள்ளுங்கள். பழமும் காய்கறியும் சேர்ந்து குறைந்தது 400 கிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை இதோடு எளிதாக எட்டிவிடலாம். டிரைகிளிசரைடு 150-க்கு மேல் உள்ளவர்கள் இரண்டு பங்கோடு நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சர்க்கரை 15 கிராமைத் தாண்டாமல் பாருங்கள்: கொய்யா, ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, கிவி, பப்பாளி எல்லாம் இதற்குள் வரும், ஆப்பிளும் பேரிக்காயும் சின்னதாகப் பார்த்து எடுக்க வேண்டும். இரண்டு பங்கையும் ஒரே வேளையில் சாப்பிடாமல் பிரித்துக்கொள்ளுங்கள். 500-க்கு மேல் இருந்தால் அளவை மருத்துவரும் உணவு ஆலோசகரும் சொல்லட்டும்.

வெண்ணெய்ப்பழம், அதாவது அவகாடோ, தனி ரகம். 50 கிராமில் சர்க்கரை அரை கிராம்கூட இல்லை. நார்ச்சத்து மூன்று கிராமுக்கு மேல். கொழுப்பு ஏழு கிராம் என்றாலும் அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் வகையிலான நல்ல கொழுப்பு. ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவினால் எல்.டி.எல்.லுக்கு இரட்டை இலாபம். வெண்ணெய் தடவிய ரொட்டியோடு பக்கத்தில் இதையும் வைத்தால் 80 கலோரி கூடியதுதான் மிச்சம். சர்க்கரையும் பாலும் சேர்த்து அடித்துக் குடிப்பது இந்தக் கணக்கில் சேராது. டிரைகிளிசரைடு மிக அதிகமாகி, எல்லாக் கொழுப்பையும் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதையும் குறைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கடித்து, மென்று சாப்பிடுங்கள்

ஓர் ஆரஞ்சை உரித்துக் கையில் வைத்துப் பாருங்கள். மேல் தோலுக்கு அடியில் பஞ்சுபோல் ஒரு வெள்ளைப் படலம்; சுளைகளைச் சுற்றி மெல்லிய உறை; நடுவில் வெள்ளைத் தண்டு. பெரும்பாலானவர்கள் பொறுமையாக உட்கார்ந்து கிள்ளி எறிவது இவற்றைத்தான். பெக்டின் அதிகம் இருப்பதும் இவற்றில்தான். வெள்ளைப் படலத்தை முழுக்கச் சாப்பிடக் கசக்கும் என்றால் வேண்டாம்; தானாக ஒட்டி வருவதை அப்படியே விடுங்கள், சுளையை உறையோடு மெல்லுங்கள். உறையை மென்று துப்பிவிட்டால் கிட்டத்தட்ட ஜூஸ் குடித்ததற்குச் சமம்.

ஆப்பிள், பேரிக்காய், கொய்யாவுக்குத் தோல் சீவாதீர்கள். ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்; மெழுகு பூசியதாகத் தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியால் துடையுங்கள். பழம் ரொம்பவும் கனிந்து குழைவதற்கு முன், கடித்தால் கொஞ்சம் உறுதியாக இருக்கும் பதத்தில் சாப்பிடுங்கள். கனியக் கனியப் பழத்தின் நொதிகளே பெக்டினை உடைத்துவிடுகின்றன. பழம் தொளதொளவென்று ஆவதற்கே அதுதான் காரணம். ஜாம் காய்ச்சுபவர்கள் கனிந்த பழத்தோடு கொஞ்சம் செங்காயும் சேர்ப்பதும் இதற்காகவே.

இப்போது அதே ஆரஞ்சைப் பிழிந்து பாருங்கள். 250 மி.லி. சாறுக்கு மூன்று பழம் வேண்டும். டம்ளரில் சர்க்கரை 21 கிராம் அளவுக்கு இருக்கும். நார்ச்சத்து அரை கிராம். வேண்டியதெல்லாம் வடிகட்டியில் தங்கிவிட்டது. சர்க்கரையே சேர்க்காத வீட்டுச் சாறாக இருந்தாலும், அதிலுள்ள இனிப்பை உலகச் சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தின் இனிப்பை அதில் சேர்ப்பதில்லை. 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் ஒரே அளவு சர்க்கரை வரும்படி முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழம் தின்றதைவிடச் சாறு 11 மடங்கு வேகமாக உள்ளே போயிற்று. சாறு குடித்தவர்களுக்கு வயிறும் நிறையவில்லை. இன்சுலினும் கூடுதலாக ஏறியது. வேகமாக இறங்கும் சர்க்கரையில் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையின் பங்கு மொத்தமாகக் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. மிஞ்சியதை அது கொழுப்பாக்கி டிரைகிளிசரைடாக அனுப்பிவிடும். மேலே சொன்ன இரண்டாவது ரிப்போர்ட்காரர் "நான் பழம்தானே சாப்பிடுகிறேன்" என்று தினம் இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்தால் 260 எப்படி 300 ஆகிறது என்பது இதில் புரிந்துவிடும்.

மிக்சியில் அடித்து வடிகட்டாமல் குடிப்பது சாறைவிட மேல், மென்று தின்பதைவிடக் கீழ். பல் இல்லாதவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள் அப்படிக் குடிக்கலாம். ஒரு பங்கு பழம், தண்ணீர் அல்லது கொழுப்பு நீக்கிய தயிர், வேறொன்றும் வேண்டாம். ஆப்பிளைத் தோலோடு ஆவியில் வேகவைத்து மசித்தாலும் நார்ச்சத்து கெட்டுப்போகாது.

உலர்ந்த பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது. ஆனால் தண்ணீர் போய்ச் சர்க்கரை செறிந்துவிடுகிறது. ஒரு கைப்பிடியான 30 கிராம் உலர்திராட்சையில் சர்க்கரை 18 கிராம் இருக்கும். பேரீச்சையும் அப்படித்தான். டிரைகிளிசரைடு ஏறியவர்கள் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். டப்பாவில் பாகில் ஊறிய பழம், சர்க்கரை தோய்த்துக் காயவைத்தது, பழப்படம் போட்ட ஜாம் ஆகியவை இனிப்புப் பண்டங்கள். பழக்கணக்கில் எழுத வேண்டாம். தேங்காயும் பழத்தில் சேர்த்திதானே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் பருப்பில் 100 கிராமுக்கு 30 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: மெதுவாகக் கூட்டுங்கள்

இதுவரை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் நார்ச்சத்தோடு ஓட்டிய குடலுக்குத் திடீரென்று முப்பது கிராம் போனால் வயிறு உப்பும், வாயு பிரியும், சிலருக்குக் கட்டிக்கொள்ளும். "பழம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுபவர்களில் பலர் உண்மையில் அவசரப்பட்டவர்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு பங்கு, எழுதி வைத்த அந்தத் தின்பண்டத்தின் இடத்தில். இரண்டாம் வாரம் இன்னொரு வேளையில் இரண்டாவது பங்கு. மூன்றாம் வாரம், எல்.டி.எல். ஆட்கள் மட்டும், மூன்றாவது. நான்காம் வாரம் பழத்தைத் தொடாமல் மற்றதைச் சேருங்கள்: காலையில் ஓட்ஸ் அல்லது பார்லி, மதியம் அரைக் கோப்பை சமைத்த பயறு. தண்ணீரும் கூடவே ஏற வேண்டும். கூழாக ஊறுவதற்குத் தண்ணீர் இல்லாவிட்டால் நார்ச்சத்து குடலை அடைக்கும். எந்த வாரத்திலாவது வயிறு சங்கடப்பட்டால் முந்தைய வார அளவுக்கே திரும்பி, ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறுங்கள். ஆப்பிளும் பேரிக்காயும் வாயு உண்டாக்கினால், ஆரஞ்சு, கிவி, ஸ்ட்ராபெரிக்கு மாறிப் பாருங்கள். பலருக்கு அவை இலகுவாக இருக்கும்.

ஏழாம் படி: மாத்திரை, சிறுநீரகம், சர்க்கரை நோய்

இதை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்ட வேண்டாம்.

கிரேப்ஃப்ரூட் என்ற கசப்பும் புளிப்பும் கலந்த பெரிய பழம், சிறுகுடல் சுவரில் சில மருந்துகளை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். உடைபடாத மருந்து கூடுதலாக இரத்தத்தில் சேரும். இது வெளியே தெரிந்ததே தற்செயல்தான். கனடாவில் டேவிட் பெய்லியின் குழு, ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறைக் கலந்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் ஏறியதற்குச் சாறுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1989-இல் அது வெளியாயிற்று.

கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாடின்களில் சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் இரண்டும் இதில் அதிகம் மாட்டும், அட்டோர்வாஸ்டாடின் ஓரளவு. ரோசுவாஸ்டாடின், பிராவாஸ்டாடின், பிட்டாவாஸ்டாடினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாத்திரையைக் காலையில், பழத்தை மாலையில் என்று பிரித்தாலும் தப்ப முடியாது. ஒரு முறை சாப்பிட்டதன் பாதிப்பு ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும். பம்பளிமாஸிலும், மார்மலேட் செய்யும் கசப்பு ஆரஞ்சிலும் அதே பொருள் உண்டு. சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்குப் பயம் வேண்டாம். ஸ்டாடின் எடுப்பவருக்குக் காரணமில்லாத தசைவலி, தளர்ச்சி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். ஒரு வாழைப்பழத்திலேயே 420 மி.கி. அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. வெண்ணெய்ப்பழம் 50 கிராமில் 240 அளவுக்கு. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். ஆகவே சிறுநீரகக் குறை உள்ளவர்கள் மேலே உள்ள பட்டியலை மருத்துவரிடம் காட்டி, எது எவ்வளவு என்று கேட்ட பிறகே தொடங்குங்கள். நட்சத்திர வடிவில் வெட்டுப்படும் ஸ்டார் ஃப்ரூட்டை அவர்கள் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்; வெளியேறாவிட்டால் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழத்தை விட வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு ஒரு பங்கு, சாப்பிடும் முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து, எந்தப் பழம் உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலைவிட அந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் உதவும். பழத்தோடு நாலைந்து பாதாமோ வால்நட்டோ சேர்த்தால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும், பசியும் அடங்கும்.

எண் இறங்காவிட்டால் எங்கே பார்ப்பது

முதலில் தாளைப் பாருங்கள். பழம் வந்து, பிஸ்கட்டும் அப்படியே இருக்கிறதா? பெரும்பாலும் இங்கேதான் விடை கிடைக்கும். அடுத்து, பழத்தின் மேல் விழுவது என்ன: சர்க்கரை, தேன், கிரீம், கன்டென்ஸ்டு மில்க்? ஃப்ரூட் சாலட் என்ற பெயரில் வருவதில் பாதி இனிப்புதான். மூன்றாவது, வாரத்தில் நான்கு நாள் பழம், மூன்று நாள் மறதி என்றால், பித்த அமிலச் சுற்று தினமும் நடப்பது என்பதால் பலன் தேறாது. டிரைகிளிசரைடு மட்டும் இறங்கவில்லை என்றால் மது, இனிப்புப் பானம், மாவுச்சத்தின் அளவு, உடல் எடை ஆகியவற்றைப் பாருங்கள். அதிக எடை உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே டிரைகிளிசரைடு 20 சதவீதம் அளவுக்கு இறங்கும்; எந்தப் பழமும் அவ்வளவு தராது.

மறுபரிசோதனையை 8 முதல் 12 வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஓடிப்போய் இரத்தம் கொடுத்தால் உணவின் முழு விளைவு அதில் தெரியாது. முதல் முறை கொடுத்த அதே ஆய்வகத்தில், 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடாமல் போய்க் கொடுங்கள். முந்தின நாள் மது கூடாது. காய்ச்சல், தொற்று இருந்த வாரத்தில் கொடுக்காதீர்கள்; எண்கள் மாறிக் காட்டும். மாத்திரை எடுப்பவர்கள், இறங்கிவிட்டதே என்று தாங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்களோடு, என்ன பழம், எத்தனை கிராம், எதற்குப் பதிலாக என்று எழுதிய அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா, அப்படியே தொடரலாமா என்று முடிவு செய்ய அவருக்கு அது கையில் இருக்க வேண்டும்.